இரண்டு மாத்திரை

சனிக்கிழமை ஒன்றேகாலுக்கு
மருந்துக்கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு
இரண்டு தூண்டில்கோல்களோடு
சோச்சா ஆற்றுக்கு இறங்கினாள் யெர்னேயா.
இரண்டும் ஒன்பதடி. இரண்டும் ஐந்தாம் எண் நரம்புக்கு.
ஒன்று பாசிப்பச்சை, மற்றது தேன் நிறம்.
"ஆறு மணிக்குள் ஒன்றைத் திருப்பித் தா,
மற்றதற்குப் பணம் தா" என்றிருந்தான் வொய்கோ.
ரசீது எழுதவில்லை.
போன மாதம் அவன் முதுகுக்குக்
கடனாய்ப் போன களிம்பு
இருவருக்கும் நினைவிருந்தது.

பச்சைக்கோல் குறில்.
நுனி மூன்றடிதான் வளையும்,
மீதி விறைத்து நிற்கும்
முடிவெடுத்துவிட்டவன் கழுத்தைப் போல.
பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வெட்டு;
நரம்பு ஒடுங்கிய வளையமாய்ப் பறந்து
அக்கரைப் பாறையின் மடியில் விழுந்தது.
பிடித்துப்போயிற்று.
"இருமல், இரவில் மட்டும்" என்று ஒருவர் தொடங்கினால்
"இரவில்" வருவதற்குள்
புட்டியை மேசையில் வைத்துவிடுகிறவள் அவள்.

பளிங்கு ட்ரவுட் ஒன்று எழுந்தது,
முதுகெல்லாம் ஈரக்கல்லின் நெளிவுகள்.
கை இழுத்தது.
மனம் அப்புறம்தான் வந்து சேர்ந்தது.
முடியினும் மெல்லிய நுனிநரம்பு
சத்தமில்லாமல் அறுந்தது.
அவள் கட்டிய இறகு ஈயை
உதட்டில் சூடிக்கொண்டு மீன் ஆழத்துக்குப் போயிற்று.
உறைப்பான வசவுகளை அந்த ஊரில்
பக்கத்து மொழிகளில்தான் கடன் வாங்குவார்கள்.
யெர்னேயா இத்தாலியனில் வாங்கினாள்.

தேன்நிறக் கோல் நெடில்.
வளைவு கார்க் பிடிவரை இறங்கிவரும்.
பின்வீச்சு முழுதாய் நீண்டு முடியும்வரை
கை சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருப்பது எத்தனை மாத்திரை?
பத்துப் பத்தாய் எண்ணிப் போட்டே
பழகிய விரல்களுக்குத் தெரியவில்லை.
முதல்முறை நரம்பு தொப்பிமேல் குவிந்தது.
பிறகு காதில்.
பிறகு ஒரு புதரில், புதரோடு வாக்குவாதம்.

ஏழாவது வீச்சின்போது
பாலத்தில் போவெட்ஸ் பஸ் போயிற்று.
யார் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.
அந்தப் பிசகில்
கோலுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது.
ஈ, தண்ணீருக்கே தெரியாமல்
தண்ணீரில் உட்கார்ந்தது.

ஒரு சாண் கிரேலிங்.
அந்த ஒரு சாணுக்கு ஒன்பதடியும் குனிந்தது.
ஒவ்வொரு உதறலும் கோல்வழி நடந்துவந்து
உள்ளங்கை நாடியோடு கலந்தது.
எது மீனுடையது, எது தன்னுடையது?
முள்ளில்லாத கொக்கி.
நீருக்குள்ளேயே கழற்றி விட்டாள்.

அங்கேயே முடிவெடுத்திருந்தால்
நல்ல கதையாக இருந்திருக்கும்.

நாலரைக்குக் காற்று வந்தது,
தெற்கிலிருந்து பள்ளத்தாக்கைப் பிடித்து ஏறி.
நெடில் அளபெடையாகிவிட்டது;
நரம்பு அந்தரத்தில் தொங்கி, யோசித்து,
வேறெங்கோ படுத்துக்கொண்டது.
அக்கரைப் பாறையடியில் அந்தப் பெரியதோ
அதன் அண்டைவீட்டுக்காரனோ
நிதானமாய் ஒரு வட்டம் போட்டது.
பிறகு இன்னொன்று.
மூன்று முறை வீசினாள்.
மூன்றும் பாதி ஆற்றில்.

ஆறுக்கு ஐந்து நிமிடம்.
தேன்நிறத்தை வொய்கோவின் மேசைமேல் கிடத்தினாள்.
"இதுதான் பிடித்தது" என்றாள்.
"அப்புறமென்ன?"
"நானிருக்கும் ஊரில் காற்றடிக்கிறது.
பச்சைக்குக் கணக்குப் போடு.
கொஞ்சம் தடித்த நுனிநரம்பும் கொடு."

சில்லறையை எண்ணிக்கொண்டே அவன்
"காலையில் எழும்போது இந்த இடுப்பு" என்று தொடங்கினான்.
அவள் கை கதவில்,
களிம்பின் பெயர் நாக்கில்.
மேசை விளிம்புக்கு வெளியே நீண்டிருந்த தேன்நிற நுனி
இன்னும் லேசாய் ஆடிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தபடி நின்றாள்.
ஒன்று.
இரண்டு.

அவன் சொல்லி முடித்தபோது
அதற்குக் களிம்பு இல்லை.